சொல் திருடிய முண்டாசு

உடும்புகளுக்குப் பேச்சு மறந்து போவதற்கு முன்னால், மலைக்கு ஒரு மாயாவி குடியிருந்த காலத்தில், வேங்கைமலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. கிட்டே வாருங்கள். பின்னால் நிற்பவர்களும் வரலாம். இது எல்லோருக்கும் சொல்லுகிற கதைதான்.

அந்த நாட்டின் படைத்தலைவி ஒரு பெண். பெயர் அரியநாச்சி. உப்பு வியாபாரியின் மகள். பாவாடை கட்டிய வயதிலேயே அப்பாவின் பொதிமாடுகளுக்குப் பின்னால் மலை மலையாக நடந்தவள். எந்தக் கணவாயில் காற்று எப்போது திரும்பும், எந்தப் பாறையில் கால் வைத்தால் உருளும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அரசர் பரிதிமாறன் படைக்குத் தலைவர் வேண்டும் என்று போட்டி வைத்தபோது முப்பது வீரர்கள் வந்தார்கள். முப்பது பேரையும் வென்று வாளை வாங்கிக்கொண்டாள்.

அவள் கணவன் மருதவாணன். அத்தை மகன். பாலம் கட்டுகிறவன். இரண்டு மலைக்கு நடுவில் வெறும் கொடியையும் மூங்கிலையும் வைத்து அவன் பாலம் போட்டால் யானை நடந்து போகலாம். நன்றாகச் சிரிக்கவைப்பான். நன்றாகச் சமைப்பான். இரண்டு பேரும் மணலில் கோடு போட்டுப் பேசுவார்கள். "இந்த இடத்தைக் கடக்க வேண்டும், அத்தான்" என்பாள் அவள். "கடக்கலாம், நாச்சி. இப்படிக் கட்டினால் கடக்கலாம்" என்பான் அவன். இப்படி ஐந்து வருடம் போனது.

பிறகு அவன் மனதில் மூன்று முள் தைத்தது.

முதல் முள் அரண்மனை விருந்தில். மூத்த மந்திரி காடவராயர் ஏப்பம் விட்டுக்கொண்டே கேட்டார்: "படைத்தலைவி ஊரை ஜெயிக்கிறாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? குழம்பு நன்றாக வைப்பாராமே." சபை சிரித்தது. மருதவாணனும் சிரித்தான்.

இரண்டாவது முள் சந்தையில். "வழி விடுங்கப்பா, படைத்தலைவி புருஷன் வருகிறார்" என்றான் ஒரு வெற்றிலைக்காரன். ஊரில் பாதிப் பாலம் அவன் கட்டியது. அவன் பெயர் அந்த வெற்றிலைக்காரனுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முள் சொந்தத் தாயிடமிருந்து. "உன் அப்பா ஒரு அதட்டல் போட்டால் இந்த வீடு நடுங்கும். நீ யாரை அதட்டுகிறாய், மகனே?"

மூன்று முள்ளோடு அவன் பள்ளத்தாக்குப் பாலத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கரையிலிருந்து ஒரு துணி வியாபாரி நடந்து வந்தான். நெட்டை ஆள். குளித்து வெகுநாளான வாடை. கையில் ஒரே ஒரு முண்டாசுத் துணி, மயில்கழுத்து நிறத்தில்.

"கட்டிப் பார்க்கிறீரா?" என்றான்.

"என்ன விசேஷம் அதில்?"

"மூன்று சுற்று சுற்றும். இதைக் கட்டிக்கொண்டால் உம் மனைவி சொல்லுகிற சொல் உமக்கு மட்டும்தான் கேட்கும். வேறு மனிதர் காதில் விழாது. அதையே நீர் சொன்னால் ஊரே கேட்கும்."

மருதவாணன் எழுந்து நின்றான். "அது திருட்டு."

"திருட்டா? அவளுக்கு என்ன குறையும்? அவள் யோசனை ஊருக்குத்தானே போகிறது. நடுவில் உம் வாய் ஒரு பாலம். பாலம் கட்டுவது உம் தொழில்தானே?"

"விலை?"

"காசு வேண்டாம். அவள் சொல்லை நீர் சொல்லும்போது உம் சொந்தச் சொல் சில சும்மா கிடக்கும். அதை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன்."

சும்மா கிடக்கிற சொல் போனால் என்ன என்று நினைத்தான் மருதவாணன். வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த நெட்டை ஆள்தான் கரும்பாறைக் கோட்டை மாயாவி நாவுண்ணி என்று அவனுக்குத் தெரியாது. அரியநாச்சி இருக்கும்வரை வேங்கைமலை நாட்டைப் பிடிக்க முடியாது என்று அந்த மாயாவி பன்னிரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததும் தெரியாது.

மறுநாளே வந்தது முதல் ஆபத்து. மலையிலிருந்து கல் எருமைகள் இறங்கின. ஒன்றல்ல, நூறு. கொம்பும் கல், குளம்பும் கல். பள்ளத்தாக்குப் பாலத்தை மிதித்து அறுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து வந்தன. அம்பு பட்டால் அம்பு முறிந்தது. வாள் பட்டால் வாள் மழுங்கியது.

சபை கூடியது. அரியநாச்சி சொன்னாள்: "கல் நீந்தாது. பறையடித்து ஏரிப் பக்கம் திருப்புங்கள்."

யாரும் திரும்பவில்லை. அவள் உதடு அசைவது தெரிந்தது. ஏதோ மெதுவாகச் சொல்கிறாள் போல என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை சொன்னாள். காடவராயர் கொட்டாவி விட்டார். மூன்றாம் முறை மேசையைத் தட்டிச் சொன்னாள். ஓர் அதிகாரி வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அப்போது பின்வரிசையிலிருந்து மருதவாணன் சொன்னான்: "கல் நீந்தாது. பறையடித்து ஏரிப் பக்கம் திருப்புங்கள்."

அரசர் துள்ளி எழுந்தார். "ஆகா, என்ன யோசனை."

சொன்னவள் அவள். கேட்டது அவன் குரல்.

நூறு எருமையும் ஏரியில் மூழ்கின. அரசர் தம் மோதிரத்தைக் கழற்றி மருதவாணன் விரலில் போட்டார். முண்டாசின் முதல் சுற்று இறுகியது.

வீட்டுக்கு வந்ததும் அரியநாச்சி கேட்டாள்: "நான் சொன்னதைத்தானே சொன்னீர்கள், அத்தான்?"

"ஊர் பிழைத்ததா இல்லையா, நாச்சி? யார் சொன்னால் என்ன?"

"யார் சொன்னாலும் ஒன்றுதான் என்றால், நான் சொன்னதாகவே இருக்கட்டுமே."

அவன் வழக்கம்போல ஒரு வேடிக்கை சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். வேடிக்கை வரவில்லை. அவனிடமிருந்த சிரிப்புச் சொற்கள் அத்தனையும் அன்றைக்குப் போய்விட்டன.

ஏழாம் நாள் வந்தது இரண்டாவது ஆபத்து. மஞ்சள் நிறத்தில் ஒரு மூடுபனி தெருத் தெருவாக ஊர்ந்து வந்தது. அதை மூச்சில் இழுத்தவர்கள் நின்றபடியே தூங்கினார்கள். தயிர் கடைகிறவள் மத்தோடு தூங்கினாள். காவலாளி கொட்டாவி பாதியில் இருக்கும்போதே தூங்கினான்.

அரியநாச்சி சொன்னாள்: "வாசலுக்கு வாசல் தணலில் மிளகைப் போடுங்கள். தும்முகிறவன் தூங்கமாட்டான்." ஒருமுறை சொன்னாள், இருமுறை சொன்னாள், மும்முறை சொன்னாள். சபை காது கொடுக்கவில்லை.

மருதவாணன் சொன்னான். ஊரே தும்மியது. பனி ஓடிப்போனது.

சொன்னவள் அவள். கேட்டது அவன் குரல்.

இந்தத் தடவை அரசர் அரியநாச்சியின் இடுப்பிலிருந்த வாளை எடுத்து மருதவாணன் கையில் கொடுத்தார். "உனக்கும் ஓய்வு வேண்டுமே, அம்மா" என்று அன்பாகச் சொன்னார். அவள் ஆசனத்தில் அவனை உட்காரவைத்து, அவளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டார்கள். முண்டாசின் இரண்டாம் சுற்று இறுகியது.

அன்று மாலை பாலம் கட்டும் ஆட்கள் வந்து கேட்டார்கள்: "அறுந்த பாலத்தைத் திரும்பக் கட்டணுமே, ஐயா. எந்த வடத்தை முதலில் இழுக்க?" மருதவாணன் வாயைத் திறந்தான். வடம் என்ற சொல்லே அவனிடம் இல்லை. முடிச்சு இல்லை, மூங்கில் இல்லை, கரை இல்லை. ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். பாலம் அறுந்தபடியே தொங்கியது. நாளாக நாளாக மீதிச் சொல்லும் போயிற்று.

ஒரு நாள் சபையில் வரி, வாய்க்கால் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. அரியநாச்சி அலுத்துப்போய் வாய்க்குள் முணுமுணுத்தாள்: "காலையில் கத்திரிக்காய்க் குழம்பில் உப்பே இல்லை."

மருதவாணன் ஆசனத்திலிருந்து எழுந்தான். வாளைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாகச் சொன்னான்: "காலையில் கத்திரிக்காய்க் குழம்பில் உப்பே இல்லை."

சபை மூச்சடக்கியது. காடவராயர் கண்ணை மூடித் தலையாட்டினார். "ஆழமான கருத்து. கத்திரிக்காய் என்றால் எதிரி. குழம்பு என்றால் எல்லை. உப்பு என்றால் காவல். மேற்கு எல்லையில் காவல் இல்லை என்கிறார்." உடனே ஐந்நூறு வீரர்கள் மேற்கே புறப்பட்டார்கள்.

அரியநாச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் நிறைய பயம் இருந்தது. இது சாதாரணப் பொறாமை இல்லை, இதில் சூனியம் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

வீட்டில் அவன் முண்டாசைப் பிடித்து இழுத்துக் காட்டினான். அது தலையோடு ஒட்டியிருந்தது.

"யாராவது கட்டிவிட்டார்களா?" என்று கேட்டாள். "இல்லை, நீங்களாகவா கட்டிக்கொண்டீர்கள்?"

"நீங்களாகவா கட்டிக்கொண்டீர்கள்?" என்றான் அவன். வேறு சொல் அவனிடம் இல்லை. ஆமென்று தலையை ஆட்டினான். தலையை ஆட்டிக்கொண்டே அழுதான்.

அரியநாச்சி கதவை அறைந்து சாத்திவிட்டு லாயத்துக்குப் போனாள். அங்கே நின்று தன் குதிரையிடம் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். குதிரை காதைத் திருப்பிக் கேட்டது. அப்போது சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் மெதுவாகத் திட்டேன். பகலில் தூங்குகிறவர்களும் உலகத்தில் உண்டு."

சுவரில் ஒரு கிழட்டு உடும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் பேசுவது உனக்குக் கேட்கிறதா?" என்றாள் அரியநாச்சி.

"நான் மனிதனா, கேட்காமல் போக? சூனியம் உங்கள் காதுக்குத்தான்." உடும்பு நாக்கை நீட்டிக் காற்றை முகர்ந்தது. "இந்த வாடை எனக்குத் தெரியும். நாவுண்ணி. மனிதர் சொல்லைத் தின்று பிழைக்கிறவன். உன் புருஷன் சொற்களைக் கரும்பாறைக் கோட்டையில் ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறான். அந்த முண்டாசைக் கையால் அவிழ்க்க முடியாது. கட்டிக்கொண்டவன் நாலு பேர் முன்னால் தன் சொந்த வாயால் உண்மையைச் சொன்னால் தானாக அவிழும்."

"சொந்த வாயில் ஒரு சொல்கூட இல்லையே."

"அதனால்தான் ஜாடி வேண்டும். அந்தக் கோட்டைக்குக் கதவில்லை, படியில்லை. ஏற வேண்டும் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். ஏழு கோழிமுட்டை."

"ஒன்பது தருகிறேன்."

"இவ்வளவு செய்த புருஷனுக்காகவா போகிறாய்?"

"எனக்காகப் போகிறேன். என் சொல் எனக்கு வேண்டும். அவர் கணக்கைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன்."

உடும்பைத் தோளில் போட்டுக்கொண்டு குதிரையைத் தட்டினாள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் கரும்பாறைக்கு வந்துவிட்டாள். பனைமரத்தைப் போல நான்கு மடங்கு உயரம். எண்ணெய் தடவினாற்போல் வழவழப்பு. உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். உடும்பு சரசரவென்று ஏறி, உச்சியில் ஒரு விரிசலில் நகத்தை மாட்டிக்கொண்டு வயிற்றை உப்பியது. உடும்புப் பிடி, அசையுமா? கயிற்றைப் பிடித்து அவள் ஏறினாள்.

உள்ளே சுவர் முழுக்க ஜாடிகள். ஒவ்வொன்றிலும் முணுமுணுப்பு. ஒரு ஜாடியில் ஒரு பெண் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஓர் ஆண் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் நாவுண்ணி உட்கார்ந்து, ஜாடிக்குள் கையை விட்டு எடுத்துச் சீடை மெல்வது போல மென்றுகொண்டிருந்தான்.

"வா, படைத்தலைவி" என்றான். "உன் புருஷனின் ஜாடி அதோ, கீழ்த்தட்டில். கோபமாக இருக்கிறாய். நியாயம்தான். அவனுக்குத் தண்டனை வேண்டாமா?" மடியிலிருந்து ஒரு பொன் ஒட்டியாணத்தை எடுத்தான். "இதைக் கட்டிக்கொள். முண்டாசு தானாக விழும். உன் குரல் திரும்பும். அவன் சொல் மட்டும் இங்கேயே இருக்கட்டும். ஆயுள் முழுக்க வாய் திறக்காமல் உன் பின்னால் வருவான். அவன் என்ன, எந்த ஆணும் உன் முன்னால் வாயைத் திறக்க மாட்டான். இனி உன்னைப் பார்த்து எவன் கொட்டாவி விடுவான்?"

உள்ளதைச் சொல்கிறேன், அரியநாச்சிக்கு ஆசை வந்தது. மேசையைத் தட்டிய கை இன்னும் வலித்தது. பிடுங்கிய வாள் இருந்த இடம் இடுப்பில் லேசாக இருந்தது. ஒட்டியாணத்தைக் கையில் வாங்கினாள். ஒரு மூச்சு விட்டாள். இரண்டு மூச்சு விட்டாள். மூன்றாவது மூச்சில், மணலில் அவள் போட்ட கோட்டுக்குக் குறுக்கே அவன் கோடு போட்டு "கடக்கலாம், நாச்சி" என்று சொல்வது நினைவுக்கு வந்தது. அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள்.

"இரண்டு பேரில் யார் ஊமையானால் உனக்கென்ன?" என்றாள். "யாரோ ஒருவர் ஊமையாக வேண்டும், அப்போதுதான் உனக்குச் சாப்பாடு. அவ்வளவுதானே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒட்டியாணத்தை அவன் முகத்தில் வீசினாள், கீழ்த்தட்டு ஜாடியைப் பறித்தாள், கயிற்றில் சறுக்கினாள். உடும்பு பொத்தென்று பின்னாலேயே விழுந்தது. குதிரை பறந்தது.

மேலே நாவுண்ணி உறுமினான். மலையுச்சிக்குத் தாவி, அங்கிருந்த பெரிய சுனையின் கரையை ஓர் உதை விட்டான். பாறை பிளந்தது. தண்ணீர் கிளம்பியதை அரியநாச்சி திரும்பிப் பார்த்தாள். இதுதான் மூன்றாவது ஆபத்து.

அரியநாச்சி சபைக்குள் குதிரையோடு நுழைந்தாள். "வெள்ளம் வருகிறது. எல்லோரும் கிழக்கு மேட்டுக்குப் போங்கள்."

யாருக்கும் கேட்கவில்லை. வேர்வையும் புழுதியுமாக நிற்கிறாளே என்று முகம் சுளித்தார்கள்.

அவள் ஜாடியை மருதவாணன் காலடியில் போட்டு உடைத்தாள். சொற்கள் தேனீக் கூட்டம் போல எழுந்து அவன் வாய்க்குள் புகுந்தன. வடமும் முடிச்சும் வேடிக்கையும் அம்மா என்ற சொல்லும் எல்லாம் திரும்பின.

அரசர் கேட்டார்: "என்ன இது, படைத்தலைவரே? சொல்லுங்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

மருதவாணன் சபையைப் பார்த்தான். வெள்ளம், கிழக்கு மேடு என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஊர் பிழைக்கும். அவன் பெயர் கோபுரத்தில் ஏறும். இனி எந்த வெற்றிலைக்காரனும் பெயர் தெரியாது என்று சொல்ல மாட்டான். அரியநாச்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரசே, கல் எருமைக்கு வழி சொன்னது நான் இல்லை" என்றான். "இவள் சொன்னாள்." முண்டாசின் ஒரு சுற்று அவிழ்ந்தது.

"மஞ்சள் பனிக்கு மிளகு சொன்னதும் நான் இல்லை. இவள் மூன்று முறை சொன்னாள். உங்கள் காதில் விழாதபடி செய்தவன் நான்." இரண்டாம் சுற்று அவிழ்ந்தது.

"சின்னவனாகத் தெரிகிறேனே என்ற வெட்கத்தில் இவள் சொல்லைத் திருடினேன். எனக்கு இப்போது ஒன்றும் தெரியாது. இவளுக்குத் தெரியும். இவளைக் கேளுங்கள்." வாளை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

மூன்றாம் சுற்றும் அவிழ்ந்து தரையில் விழுந்து, பாம்புச் சட்டை போலச் சுருண்டு கருகியது.

"வெள்ளம் வருகிறது" என்றாள் அரியநாச்சி. அந்தக் குரல் தூணில் மோதித் திரும்பியது. காடவராயர் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. "நான்கு நாழிகைதான் இருக்கிறது. முரசு அடியுங்கள். குழந்தைகளும் நடக்க முடியாதவர்களும் முதலில். நெல்லை விட்டுவிடுங்கள், உயிரை எடுத்துக்கொள்ளுங்கள்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அத்தான் என்று கூப்பிடவில்லை. "பாலக்காரரே, கிழக்கு மேட்டுக்குப் போகிற பள்ளத்தாக்குப் பாலம் அறுந்து கிடக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டும்?"

"மூன்று நாழிகை, தலைவி."

"இரண்டில் முடியுங்கள்."

"முடிக்கிறேன். வீட்டுக்கு வீடு கிணற்றுக் கயிறு வேண்டும்."

ஊர் முழுக்கக் கயிறு அவிழ்ந்தது. மருதவாணன் பள்ளத்தின் மேல் தொங்கிக்கொண்டே முடிச்சுப் போட்டான். கத்திக் கத்தி ஆட்களை ஏவினான். வேடிக்கையும் சொன்னான். பயந்த ஆட்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். இரண்டு நாழிகையில் பாலம் நின்றது. ஊர் கடந்தது. அரசர் ஒரு கிழவனைத் தோளில் சுமந்துகொண்டு கடந்தார். காடவராயர் யாருடைய ஆட்டையோ பிடித்துக்கொண்டு கடந்தார். கடைசியாக அரியநாச்சியும் மருதவாணனும் கடந்தார்கள்.

அவர்கள் திரும்பிப் பார்த்தபோது வெள்ளத்தின் தலைமேல் நின்றபடி நாவுண்ணி வந்தான். எகிறிப் பாலத்தில் ஏறினான். "மருதவாணா, இதைவிட நல்ல முண்டாசு வைத்திருக்கிறேன். உன் அம்மாவும் மெச்சுவாள்" என்று கூவிக்கொண்டே ஓடி வந்தான்.

அரியநாச்சி வாளை உருவினாள். "எதை முதலில் அறுக்க?"

"இடது வடம். வலதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மருதவாணன் மூங்கில் வெட்டும் அரிவாளை எடுத்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு வெட்டு. பாலம் துணி போல மடங்கி விழுந்தது. நாவுண்ணி தான் திறந்துவிட்ட தண்ணீரிலேயே போனான். அந்தக் கணத்தில் கரும்பாறைக் கோட்டையில் அத்தனை ஜாடியும் வெடித்தன. எத்தனையோ ஊரில், வருடக்கணக்காக வாய் மூடியிருந்தவர்கள் சோற்றுக் கையோடு பேசத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள்.

தண்ணீர் வடிந்தது. அரசர் அரியநாச்சியை ஆசனத்தில் உட்காரவைத்தார். "என் காதுக்கும் வெட்கமாக இருக்கிறது, அம்மா. சூனியம் பாதிதான். நீ மேசையைத் தட்டியது என் கண்ணில் பட்டது. என்னவென்று நான் கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும், கேள்."

"இனி சபையில் யார் சொன்ன யோசனையானாலும், சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். பாலத்திலும் கட்டியவர் பெயரை வெட்டுங்கள்."

"அவனுக்கு என்ன தண்டனை?"

மருதவாணனே முன்வந்து சொன்னான்: "நான் ஊர் ஊராகப் போய்ப் பாலம் கட்டுகிறேன். போகிற ஊரில் எல்லாம் நான் செய்ததைச் சொல்கிறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல்வரை வரவும் இல்லை. அவன் மூன்று மழைக்காலம் வெளியூரில் இருந்தான். பாலம் கட்டினான். கூடிய கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னான். சில ஊரில் சிரித்தார்கள். சில ஊரில் ஆண்கள் மனைவியைத் தேடி எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் மழை ஓய்ந்தபோது, பதினேழாவது பாலத்தின் எதிர்முனையில் ஒரு குதிரை வந்து நின்றது. அரியநாச்சி இறங்கி நடுப்பாலம் வரை நடந்து வந்தாள். கால் ஊன்றிக் குதித்துப் பார்த்தாள். பாலம் அசையவில்லை.

"நன்றாக இருக்கிறது" என்றாள்.

"உனக்கு இன்னும் கோபமா, நாச்சி?"

"கொஞ்சம் இருக்கிறது, அத்தான். வீட்டுக்கு இரண்டு நாள் வழி. பேசிக்கொண்டே நடக்கலாம்."

நடந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டார், மற்றவர் பேசும்போது இவர் கேட்டார். உடும்புக்கு ஒன்பது முட்டையும் கிடைத்தது, வேங்கைமலை நாட்டில் மாதம் மும்மாரி பெய்தது, ஊர் நிறையப் பேசி, நிறையக் கேட்டு, நன்றாகவே வாழ்ந்தது.